கருடசேவைக்குப் பிறகு வைத்த தேர்வு

தேர்வுக்குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் சார், எங்களுக்கு உதவியாக இருக்கும் என்றார்கள். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

நல்ல பவுலரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இதில் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாது என்றால் உங்களைத் தேர்வுக்குழுவில் போட்டவரைத்தான் கேட்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்ததில் நான் தெரிந்துகொண்டது வேறு. நாம் எடுத்தவன் நன்றாக ஆடினால் நம் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொதப்பினால் அவன் தலையெழுத்து என்று கையைக் கழுவிவிடலாம். நாம் விட்டுவிட்டவன் விஷயத்தில் அப்படி எதுவும் சொல்லித் தப்பிக்க முடியாது. அவன் ஊரிலேயேதான் இருப்பான். பஸ் ஸ்டாண்டில் பார்ப்போம், கடைத்தெருவில் பார்ப்போம்.

சிரிக்கக்கூடிய தவறுகளும் செய்திருக்கிறோம். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்தில் புல் விக்கெட் ஏது? பள்ளிக்கூட மைதானத்தில் தேங்காய் நார் மேட்டை விரித்து, நான்கு பக்கமும் ஆணி அடித்து, அதன் மேல்தான் ஆட்டம். ஒரு வருஷம் முசரவாக்கத்திலிருந்து வந்த ஒரு ஸ்பின்னரின் பந்து அந்த மேட்டில் விழுந்து பாம்பு மாதிரி வளைந்தது. ஆகா ஓகோ என்று அவனைச் சென்னைக்கு அனுப்பினோம். அங்கே புல் தரையில் பந்து நேராகப் போயிற்று. அடித்த பந்தைத் தேடி ரோட்டுக்கு ஆள் அனுப்பினார்களாம். அவனே இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அந்த மாதிரித் தவறு பரவாயில்லை. இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசி. மாவட்ட அணிக்குக் காஞ்சிபுரம் வட்டாரத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க நாங்கள் மூன்று பேர். செயலாளர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்தவர். இரண்டாமவர் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், எங்கள் ஊருக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மூன்றாவது நான். நகராட்சியில் சுகாதார ஆய்வாளர் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைகளில் விக்கெட் கீப்பர்.

எங்கள் வட்டாரத்தின் வேகப் பவுலர் தாமோதரன், எங்களுக்குத் தாமு. சின்ன காஞ்சிபுரத்துப் பையன், இருபது வயது இருக்கும். சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூலைச் சாயத்தொட்டியில் முக்கி எடுத்து, கோல் போட்டு முறுக்கிப் பிழிவான். அவனோடு கை குலுக்கினால் நம் விரல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை ஒரு நாள் அரக்காக இருக்கும், மறுநாள் மாம்பழ மஞ்சளாக இருக்கும். அவன் பந்துக்குக் கீப்பராக நிற்கிற நாட்களில் வீட்டுக்குப் போனதும் உப்புப் போட்ட வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு உட்காருவேன். என் மனைவி சோறு பிசைந்து கொடுத்திருக்கிறாள். அவ்வளவு வேகம்.

அந்த வருஷம் மாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் செயலாளரின் கடைக்கு வந்தார். அந்தக் கம்பெனியின் கிரிக்கெட் அணிக்கு அவர்தான் பொறுப்பு. வீட்டுப் பெண்கள் புடவை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் இருவரும் கிரிக்கெட் பேசியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு வேகப் பவுலர் வேண்டும், உங்கள் மாவட்ட அணி சென்னையில் ஆடும்போது வந்து பார்க்கிறேன், பிடித்திருந்தால் நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

செயலாளர் அன்று மாலையே தாமுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் அப்பாவுக்கு அப்போது மஞ்சள் காமாலை. கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். சாயப்பட்டறையில் வேலை இருக்கிற நாளில் இருக்கும், இல்லாத நாளில் இருக்காது. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் அவன் குடும்பமே நிமிர்ந்துவிடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவன் பந்து போடுவதைப் பார்த்த யாருக்கும் அவன் இடத்தைப் பற்றிச் சந்தேகம் கிடையாது. தேர்வு வெறும் சடங்குதான் என்று நினைத்திருந்தோம்.

தேர்வை எப்போது வைப்பது என்று பேச்சு வந்தது. வைகாசித் திருவிழாவுக்கு முன்னாலேயே வைத்துவிடலாம் என்றார் டிரில் மாஸ்டர். நானும் செயலாளரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம். பிரம்மோற்சவம் வருகிறது, கருடசேவைக்கு ஊரே தாங்காத கூட்டம் வரும், வீட்டுக்கு வீடு விருந்தாளி, தறிகள் நின்றுவிடும், பையன்களுக்கு எதில் மனம் இருக்கும்? மைதானத்திலேயே மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். "கொடி இறங்கட்டும் மாஸ்டர், அப்புறம் பாத்துக்கலாம்" என்று செயலாளர் முடித்துவிட்டார். பையன்கள் நிம்மதியாகச் சாமி பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தோடு ஒரு தப்புக் காரியம் செய்தால் பின்னால் வருத்தப்படுவதாவது சுலபமாக இருக்கும்.

திருவிழா என்றால் எனக்குக் காலரா ஊசி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் பக்கத்திலும் மேசை போட்டு ஊசி போடுவோம். கருடசேவை அன்று விடியற்காலையில் மேசையைப் பியூனிடம் ஒப்படைத்துவிட்டுச் சன்னிதித் தெருவுக்கு ஓடினேன். வருஷா வருஷம் ஓடுவதுதான். செயலாளர் பட்டு வேட்டியில் கூட்டத்தின் முன்னால் நின்றிருந்தார். குடைகள் அசைந்து வந்தன. பெருமாள் கருடன் மேல் வந்தார். வாகனத்தைத் தாங்குகிற முன் தண்டில் தாமோதரன்.

அவர்கள் வீட்டுக்கு அந்தத் தண்டில் ஓர் இடம் உண்டு. அப்பா நின்ற இடம், அவருக்கு முன்னால் தாத்தா நின்ற இடம். அப்பா படுத்துவிட்டதால் அந்த வருஷம் மகன் நின்றான். நிற்காவிட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். அந்த இடத்தில் நிற்பவனுக்கு வலது தோளில்தான் தண்டு உட்காரும். பெருமாளைத் தாங்குகிறவர்கள் கனம், சுமை, பாரம் என்ற வார்த்தைகளை வாயில் எடுக்க மாட்டார்கள். பெருமாள் அவர்கள் தோளில் எழுந்தருளியிருக்கிறார், அவ்வளவுதான். தண்டை ஏந்திக்கொண்டு அந்தப் பையன் வியர்வை வழிய எங்களைக் கடந்து போனபோது செயலாளர் என் காதருகே குனிந்தார்.

"பாத்தீங்களா, நம்ம தாமு. பெருமாளே அவன் தோள்ல ஒக்காந்துக்கினு வர்றாரு. இந்த வருஷம் அவன யாராலயும் தடுக்க முடியாது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்ணில் நீர்கூட வந்தது. திருவிழா முழுக்கக் காலையில் ஒரு வாகனம், மாலையில் ஒரு வாகனம். எல்லாவற்றிலும் அவன் அந்த இடத்தில் நின்றான்.

கொடி இறங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அக்னி வெயில். மேட்டை விரித்து ஆணி அடித்தோம். நான் ஸ்டம்புக்குப் பின்னால் வழக்கமான தூரத்தில் போய் நின்றேன். தாமு ஓடி வந்து முதல் பந்தைப் போட்டான். என்னிடம் வந்து சேர்வதற்குள் அது இரண்டு தடவை குத்தி எழுந்தது. கொஞ்சம் முன்னால் வந்தேன். அடுத்ததற்கும் முன்னால் வந்தேன். அவன் போட்டு முடிப்பதற்குள் ஸ்பின்னருக்கு நிற்கிற மாதிரி ஸ்டம்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஆடிய பள்ளிக்கூடத்துப் பையன் அவனை நிம்மதியாக அடித்தான்.

அடுத்து ஜெயபால் போட்டான். வாலாஜாபாத்துப் பையன், அரிசி ஆலைக் கணக்கரின் மகன். பெரிய வேகம் கிடையாது, ஆனால் சுத்தமான பவுலர். அன்று குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிரில் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. திருவிழா சமயத்தில் அவர் தன் சொந்த ஊருக்குப் போயிருந்தார், முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். தாமு ராத்திரியெல்லாம் கச்சேரியும் வாணவேடிக்கையும் பார்த்துக்கொண்டு சுற்றியிருப்பான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "வாழ்க்கைல ஒரே ஒரு நாள் சார். அதுக்கும் ஒழுங்கா வரத் தெரியலன்னா நான் என்ன செய்ய?" என்றார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெயர்களை அன்று மாலையே அனுப்பியாக வேண்டும்.

நான் தாமுவிடம் போனேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கறேன் சார் என்றான். தோளில், கையில் ஏதாவது வலியா என்றும் கேட்டேன். ஒண்ணும் இல்ல சார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நம்பினேன். திரும்பி வந்து டிரில் மாஸ்டரிடம் மன்றாடினேன். இவன் வேகம் எனக்குத் தெரியும், இன்னொரு ஓவர் கொடுங்கள் என்றேன். அவர் நல்ல மனுஷர், ஒப்புக்கொண்டார். தாமுவிடம் பந்தைக் கொடுத்து, இதுதான் கடைசி, உன்னிடம் இருக்கிற வேகம் அத்தனையும் போட்டுவிடு என்று முதுகில் தட்டினேன்.

போட்டான். முதல் பந்து பேட்ஸ்மேனின் மூக்கருகே எழுந்து என் கையுறையில் அறைந்தது. உள்ளங்கை எரிந்தது. எவ்வளவு சந்தோஷமான எரிச்சல் தெரியுமா? பார்த்தீர்களா என்று டிரில் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். இரண்டாவது பந்து பேட்ஸ்மேனுக்கு எட்டாத தூரத்தில் போயிற்று. மூன்றாவது பாதி வழியிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அவன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மிச்சப் பந்துகளைக் குழந்தைக்குப் போடுவது போல் போட்டு முடித்தான். ஜெயபாலின் பெயரை அனுப்பினோம்.

ஜெயபால் சென்னையில் நன்றாகவே போட்டான். அந்த அதிகாரி வந்து பார்த்தார், வேலை கொடுத்தார். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தான். என்னை எங்கே பார்த்தாலும் குடும்பத்தை விசாரிப்பான். அவன் மேல் ஒரு குறையும் கிடையாது. தாமு மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏமாற்றத்தில் இருக்கிறான், தானாக வருவான் என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் டிரில் மாஸ்டரோடு காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையனை ஏன் காணோம் என்று அவராகக் கேட்டார். அவனைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சம் மாற்றலாமே என்று, அவன் ஊர் சுற்றுகிறவன் இல்லை மாஸ்டர், கருடசேவையில் பெருமாளைத் தாங்கி வந்தான், திருவிழா முழுக்க ஒரு வேளை விடாமல் நின்றான், பார்க்கவே புல்லரித்தது என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தத் தோளோடயா அவன பந்து போடச் சொன்னோம்? நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்களா? பாத்துட்டா எங்கிட்ட சொல்லாம இருந்தீங்க? வண்டி மாட்டுக்குக்கூட ரெண்டு நாள் ஓய்வு கொடுப்பாங்க சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. மறைத்தேன் என்றால்கூட ஒரு காரணம் இருக்கும். நான் மறைக்கவில்லை. பெருமாளைத் தாங்கினால் தோள் வலிக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. வலி இருக்கிறவர்கள் அது போக வேண்டும் என்றுதான் அங்கே போவார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு நொடியில் தெரிந்தது. உடம்பைப் பற்றிப் படித்து, அதற்காகவே சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியவில்லை.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். பெருமாளால் அவன் தோள் கெட்டது என்று சொல்ல வருகிறீர்களா என்று முதலில் கோபித்துக்கொண்டார். மறுநாள் அவரே என் ஆபீசுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. இனிமேல் தேர்வைப் பங்குனியிலேயே வைத்துவிடலாம் என்றார். அப்படியே செய்தோம். நீங்கள் இன்றைக்கும் திருவிழாவுக்கு முன்னால் தேர்வு வைக்கிறீர்களே, அந்த வழக்கம் இப்படி வந்ததுதான். அந்தப் பங்குனித் தேர்வுக்கு வரும்படி தாமுவுக்குச் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. மறுபடியும் சொல்லி அனுப்பினேன். நானே அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவன் அப்பா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வைகாசி வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள், பெருமாளைத் தாங்குகிறவர்கள் கூட்டமாக என் ஊசி மேசைக்கு வந்தார்கள். தாமுவும் இருந்தான். அவன் முறை வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "சார், எடது கையில போடுங்க. வலது பக்கம் தண்டு இருக்குது" என்றான். சட்டை சற்று விலகியபோது அவன் வலது தோளைப் பார்த்தேன். கழுத்தை ஒட்டி, தண்டு உட்காருகிற இடம் காய்த்துப் போய்த் தடித்திருந்தது.

ஏன் தேர்வுக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"கை மேல போவல சார். தோள் வரைக்கும் வருது, அதுக்கு மேல புடிச்சிக்குது. அன்னிக்கு கடைசியா ஒண்ணு வேகமா போட்டேன் பாருங்க, அப்பவே உள்ள என்னமோ அந்துடுச்சி."

அப்படியென்றால் தண்டு எப்படித் தாங்குகிறாய் என்றேன். அதற்குக் கையைத் தூக்க வேண்டாமே சார் என்று லேசாகச் சிரித்தான். அந்தக் கடைசி ஓவரை மன்றாடி வாங்கிக் கொடுத்தவன் நான். இருக்கிற வேகத்தை எல்லாம் போடு என்று சொன்னவனும் நான்தான்.

"நான் வந்து கேட்டேனேப்பா. தோள்ல வலியான்னு வாய் தொறந்து கேட்டேனே."

"கேட்டீங்க சார். பெருமாள தாங்கினதால தோள் நோவுதுன்னு என் வாயால எப்டி சொல்றது? எங்க அப்பா காதுல உழுந்தா உயிர உட்ருவாரு."

வரிசை நகரவில்லையே என்று பின்னால் முணுமுணுப்பு கேட்டது. ஊசி போட்டுப் பஞ்சை வைத்தேன். அவன் பஞ்சை அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றான். ஒண்ணு கேக்கணும் சார் என்றான்.

"அன்னிக்கு நான் சொல்லியிருந்தா, எனக்கு வேற நாள் குடுத்திருப்பீங்களா?"

உண்மையை உங்களுக்குச் சொல்கிறேன். கொடுத்திருப்போம். அதே தேர்வுக்கு ஒரு பேட்ஸ்மேன் அக்கா கல்யாணம் என்று வரவில்லை. அவனுக்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டுத்தான் பெயர்களை அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து அவனைத் தனியாக வரவழைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டோம். தாமு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிரில் மாஸ்டரே அவனை வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். அந்தக் கம்பெனி வேலை அவனுடையதாக இருந்திருக்கும்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத் தேர்வு வேலையில் அவ்வளவு சீக்கிரமாக ஒரு முடிவை நான் எடுத்ததில்லை.

"குடுத்திருக்க முடியாதுப்பா. பேரு அன்னிக்கே போயாகணும். நீ சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அவன் மூச்சை விட்டான். "அப்ப சரி சார். நான்தான் வாயத் தொறக்காம கெடுத்துக்கினேன்னு ஒரு வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனான். நான் அடுத்த ஆளின் கையைப் பிடித்தேன்.

செயலாளரும் டிரில் மாஸ்டரும் இப்போது இல்லை. அந்தப் பொய்யை நான் அவர்களிடம் சொல்லவில்லை. தாமுவுக்கும் அது பொய் என்று இன்றுவரை தெரியாது. சொன்னது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவன் மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன் என்பது மட்டும் தெரியும்.

தம்பிகளே, ஆட்டக்காரனைக் கழித்துவிடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. யாராவது ஒருவனைக் கழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், போன வாரம் அவன் உடம்பு என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவனாகச் சொல்வான் என்று காத்திருக்காதீர்கள். எப்போதாவது ஒரு நாள் அவன் வந்து உங்களிடம் ஏன் என்று கேட்பான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல முடிகிற மாதிரி கழியுங்கள். என்னால் முடியவில்லை.